சுகமாக மூடிய துவக்கு

கோப்பிக் கடையில் மூடி எடுக்கிற இடத்தில் அவர் நின்றால் பின்னால் நிற்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஒரு மூடியை எடுத்துக் கப்பில் வைப்பார், பெருவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுவார், கழற்றிவிடுவார். இரண்டாவது மூடி. சில நாள் மூன்றாவதும். “மூடி மூடிதானே அக்கா, எல்லாம் ஒரே மெஷினிலை வாறதுதானே” என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்.

“மூடி ஒரே மெஷின்தான் அண்ணை. கப் வேறை மெஷின்.”

 என் கோப்பி எத்தனையோ தரம் என் காற்சட்டையில் ஊற்றுப்பட்டிருக்கிறது. அவருடையது ஊற்றுப்பட்டதை நான் பார்த்ததில்லை. அவர் என்னைவிட நாலு வயது இளையவர். பட்டறையில் எல்லாரும் அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன், அவர் என்னை அண்ணை என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மூத்தவராக்கிக்கொண்டு ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம்.

பட்டறை ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், வாகனம் திருத்தும் கடைகளுக்குப் பின்னால் இருந்தது. பதினொரு பேர், அதில் நாலு பேர் தமிழர். நாங்கள் செய்தது துப்பாக்கி வைத்திருக்கும் துவக்குக்காரர்களுக்கு வேண்டிய கருவிகள். துவக்குக் குழலுக்குள் ரவை போய் இருக்கிற அறையைக் குடைந்தெடுக்கும் கருவிக்கு ரீமர் என்று பெயர். வெடித்து முடிந்த ரவையின் வெற்றுப் பித்தளைக் கோதை மறுபடி நிரப்புவதற்கு முன், அதை நெரித்து அளவுக்குக் கொண்டுவரும் உருக்கு அச்சுக்கு டை என்று பெயர். ஒன்று அறையை வெட்டுகிறது; மற்றது அந்த அறைக்குள் போகும் கோதைச் சரிப்படுத்துகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் துவக்கு வைத்திருப்பவன் பாடு திண்டாட்டம்.

கடையில் விற்கும் ரவைக்கு இந்தத் தலையிடி கிடையாது, எல்லாம் ஏற்கெனவே அளவாக வரும். எங்களிடம் வருகிறவர்கள் வைல்ட்கற்காரர்கள். எந்தத் தொழிற்சாலையும் விற்காத ஒரு ரவையைத் தங்கள் சமையலறை மேசையில் இருந்து தாங்களே கணக்குப் போட்டு உண்டாக்குகிறவர்கள். கோதின் தோளைக் கொஞ்சம் முன்னே தள்ளுவார்கள், கழுத்தைக் கொஞ்சம் ஒடுக்குவார்கள், பிறகு அதற்குத் தங்கள் நாயின் பெயரை வைப்பார்கள். அவர்களின் வரைபடத்தைப் பார்த்து ரீமரையும் டையையும் சோடியாக அரைத்தெடுப்பது அவருடைய வேலை. அரைத்து முடிந்ததைக் கழுவி, பெயர் பொறித்து, எண்ணெய் பூசி, பெட்டியில் அடுக்குவது என்னுடைய வேலை. என் வேலைக்குப் பெரிய மூளை தேவையில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ரீமரைக் கொண்டுபோய், “நல்லா வந்திருக்கோ?” என்று யாரும் கேட்டால் அவருக்குச் சினம் வரும். “தனிய நல்லது எண்டு ஒண்டும் இல்லை. எதோடை சேருது எண்டு சொல்லுங்கோ.” இதை நாளுக்கு நாலு தரமாவது சொல்வார். வீட்டு விசயத்திலும் அதே கதைதான். என் மனைவி தன் தங்கை மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் படத்தை யூனியன்வில்லில் ஒரு பிறந்தநாள் விருந்தில் வைத்து அவரிடம் காட்டி, “பாக்க நல்ல பெடியன் என்ன?” என்று கேட்டா. அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. “ஆருக்கு நல்ல பெடியன்? பிள்ளை எப்பிடி, சொல்லுங்கோ” என்றார். மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. திரும்பி வரும்போது, “உவ என்ன மனிசியோ, மீற்றரோ?” என்று எங்கள் வீடு இருக்கும் ஸ்ரௌவ்வில் வரும்வரை புறுபுறுத்துக்கொண்டு வந்தா.

அவரால் ஒரு இடத்தில் இருக்க முடியாது. மதியச் சாப்பாட்டின் நடுவில் எழும்பிப்போய், காலையில் அளந்ததைத் திரும்ப அளந்துவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுவார். சோறு ஆறிப்போயிருக்கும். ஒரே காரில் போகும் நாட்களில், லோறன்ஸ் சந்தியில் பச்சை விழுந்த பிறகு, “அண்ணை, பட்டறைப் பின்கதவு பூட்டினதோ?” என்பார். நான்தான் பூட்டினேன், அவர் இழுத்துப் பார்த்தவர், இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் திரும்பிப் போவோம். அவர் இறங்கி ஓடிப்போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போலப் பட்டியைக் கட்டிக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அந்த மனிசியின் மூச்சு ஆறுதலாக வருவதைக் கேட்டால் கோபம் போய்விடும்.

அவர் மன்னார்ப் பக்கம். சின்ன வயதில் வள்ளத்தில் இந்தியா போய், அங்கிருந்து இங்கே வந்தவர். அதைப்பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை. ஒருநாள் பகிடியாகக் கேட்டேன்: “சண்டைக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இஞ்சை வந்து துவக்குச் சாமான் செய்யிறம். உங்களுக்கு ஒருமாதிரி இல்லையோ?”

அவர் கையில் இருந்த டையைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். “துவக்கு எப்பிடியும் வெடிக்கத்தான் போகுது அண்ணை. பின்பக்கத்தாலை வெடிக்காமல் பாக்கிறதுதான் என்ரை வேலை.”

நான் போய் அடுத்த பெட்டியை அடுக்கத் தொடங்கினேன்.

எங்கள் பட்டறையில் வருடாவருடம் ஆயுத பூசை செய்வோம். முதலாளி வெள்ளைக்காரர். முதல் வருடம் என்ன ஏது என்று விசாரித்தவர், பிறகு அந்த நாளுக்குத் தானே கடலையும் வடையும் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டார். பொதி கட்டும் மேசையைத் துடைத்து, சரஸ்வதி படம் வைத்து, மெஷின்களுக்கும் கருவிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் பொறுப்பு. அக்கா வேதக்காரர், கிறிஸ்தவர், என்றாலும் ஒருநாளும் முகம் சுழித்ததில்லை. ஒன்று மட்டும் சொல்லுவார்: “என்ரை சாமானுக்கும் வையுங்கோ, எனக்கும் சந்தோசம். ஆனா இருந்த இடத்திலையே வைச்சு வையுங்கோ. தூக்காதேங்கோ.”

ஒன்பதாவது வருடம் பூசையன்று அவருக்குப் பல்லுப் பிடுங்கல். லீவு. அவருடைய மேசையில் இரண்டு சோடிகள் முடிந்து கிடந்தன, இரண்டும் வேறு வேறு ஆட்களுக்கு. ஒரே கோதிலிருந்து பிறந்த இரண்டு வைல்ட்கற். கோதின் தோள் இருக்கும் இடத்தில் மட்டும் எட்டு தவ் வித்தியாசம். தவ் என்பது எங்கள் பட்டறை வழக்கில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது. பெயர் பொறிக்கிற வேலை இன்னும் ஆகவில்லை. அதனால் அவர் ஒவ்வொரு ரீமரிலும் டையிலும் நூலால் ஒரு துண்டுக் காகிதம் கட்டி வைத்திருந்தார்.

நான் தூக்கினேன். அவருடைய வேலைதான் பட்டறையிலேயே வடிவான வேலை. அது மூலையில் கிடக்கக்கூடாது, படத்துக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. சந்தனம் பட்டுவிடும் என்று காகிதத் துண்டுகளைக் கழற்றினேன். தேவாரம் பாடினோம், வடை சாப்பிட்டோம். பிறகு எல்லாவற்றையும் கழுவித் துடைத்துத் துண்டுகளைத் திரும்பக் கட்டினேன். ரீமர் இரண்டையும் வரைபடத்தோடு வைத்துப் பார்த்துக் கட்டிவிட்டேன். டைகளுக்கு வரும்போது கை ஒரு கணம் நின்றது. இரண்டும் ஒரே மாதிரி மினுங்கின. அளக்க வேண்டுமென்றால் அவருடைய கருவியை எடுக்கவேண்டும்; எனக்கு அது சரியாக வராது. இடப்பக்கம் வைத்தது இடப்பக்கம்தானே என்று கட்டினேன். துண்டைப் பார்த்துப் பெயரைப் பொறித்தேன். அன்று பின்னேரமே இரண்டு பெட்டியும் கூரியரில் போய்விட்டன. அடுத்தநாள் அவர் வீங்கிய கன்னத்தோடு வந்து, “பெட்டி போட்டுதோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். வழக்கமாக அனுப்புவதற்கு முன் இன்னொரு தரம் அளப்பவர். அன்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு போய் இருந்தார்.

ஆறு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பீற்றர்பறோப் பக்கத்து வாடிக்கைக்காரர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். டையில் போட்டு எடுத்த கோதை உள்ளே விட்டால் துவக்கின் பின்பக்கம் மூடுதில்லையாம். அக்கா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அளவுகளைக் கேட்டு எழுதினார். எழுதிய தாளைப் பார்த்தார். எட்டு தவ். மற்றச் சோடியின் வரைபடத்தை இழுத்தெடுத்துப் பக்கத்தில் வைத்தார். 

“டை ரெண்டும் மாறிப்போச்சு” என்றார்.

எனக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. சந்தனம், இடப்பக்கம், நின்றுபோன கை. வாயைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். நான், “அப்ப திருப்பி எடுப்பம், மாத்திக் குடுப்பம்” என்றேன்.

“உங்களுக்கு விளங்கேல்லை. இவருக்கு மூடேல்லை, அதாலை கூப்பிட்டவர். மற்ற ஆளுக்கு அறை நீளம், கோது கட்டை. சுகமா மூடும். அவர் கூப்பிடமாட்டார்.” எழும்பினார், இருந்தார், திரும்ப எழும்பினார். “ஒவ்வொரு வெடிக்கும் கோது இழுபடும். அடிப்பக்கம் மெல்லிசாகும். பிறகு ஒருநாள் அறுந்து, நெருப்பு முழுக்க அந்த மனிசன்ரை முகத்திலை வரும்.”

அந்த மற்ற ஆள் சட்பரிக்கும் அப்பால் ஒரு சின்ன ஊரில் இருந்தார். வேட்டைக்காலம். தொலைபேசி அடித்து அடித்து நின்றது. முதலாளி மின்னஞ்சல் அனுப்பினார், தகவல் விட்டார். பார்த்தால் கூப்பிடுவார்தானே என்றார். பிறகு சோடி சரியென்று கையெழுத்துப் போட்ட அட்டையை எடுத்துப் பார்த்தார். பூசைக்கு முதல்நாள் திகதியில் அக்காவின் கையெழுத்து. முதலாளி அதை அக்காவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

“நான்தான் துண்டை மாத்திக் கட்டியிருக்கிறன்” என்று அவர் சொன்னார். யாருக்கும் சொல்லவில்லை, அட்டைக்குச் சொன்னார்.

அந்த நாலு நாளும் என் வாழ்க்கையில் நான் மறக்க நினைக்கிற நாட்கள். அவர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் அந்த இலக்கத்துக்கு அடித்தார். பதில் வராதபோது, “ஏற்கெனவே வெடிச்சிட்டுதோ?” என்று என்னைக் கேட்டார். அரைக்க உட்கார்ந்தால் மெஷினைப் போடமாட்டார். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். வியாழக்கிழமை முடிந்த வேலை ஒன்றை ஆறு தரம் அளந்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து, “அண்ணை, நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ. என்ரை கண்ணை எனக்கு நம்பேலாமல் கிடக்கு” என்றார். ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் அளக்கத் தந்தது அதுதான் முதல் தரம். அவர் பிடித்த அளவுகருவியில் நான் இலக்கத்தை வாசித்தேன். சரியாகத்தான் இருந்தது. சொன்னேன். சொல்லவேண்டிய மற்றதைச் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம், முதலாளி இனிமேல் பூசையே வேண்டாம் என்பார் என்று ஒரு சாட்டு. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி இரத்தத்தில் சீனி கூடிவிட்டதோ என்று பரிசோதித்தா.

அந்த வியாழக்கிழமையே பீற்றர்பறோக்காரரின் டை திரும்பி வந்தது. அளந்து பார்த்தார், சட்பரிக்காரருக்குப் போயிருக்க வேண்டியது அதுதான். அதைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் என் மேசைக்கு வந்தார். “நான் நாளைக்கு அங்கை போறன். என்ரை காரிலை பனி ரயர் போடேல்லை. உங்கடை வானிலை கூட்டிக்கொண்டு போவியளோ?”

விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டோம். அவர் நாலரை மணித்தியாலத்தில் பதினாறு தரம் அந்த இலக்கத்துக்கு அடித்தார். நான் எண்ணிக்கொண்டு வந்தேன். பாதை ஓரமெல்லாம் பாறையும் பனியும். சொல்லு, இப்போது சொல்லு என்று ஒவ்வொரு வளைவிலும் எனக்குள்ளே ஒருவன் இடித்துக்கொண்டிருந்தான். நான் சூடாக்கியைக் கூட்டினேன், குறைத்தேன்.

கதவைத் திறந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்க உயரமான மனிதர். இரண்டு கண்ணும் இருந்தன. காட்டுக் குடிலில் பத்து நாள் இருந்துவிட்டு முதல்நாள் பின்னேரம்தான் வந்தாராம், தொலைபேசியை இன்னும் சார்ஜில் போடவில்லையாம். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனிதருக்கு எங்களைக் கண்டதில் பெரிய சந்தோசம். இவ்வளவு சுகமாக மூடுகிற துவக்கு தன் ஆயுளில் தன்னிடம் இருந்ததில்லை என்றார். கோதுகளை மூன்றாம் தரம் நிரப்பி வைத்திருக்கிறாராம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குடிலுக்குத் திரும்பப் போக இருக்கிறாராம்.

அக்கா நிரப்பாத வெற்றுக் கோது ஒன்றைக் கேட்டு வாங்கினார். கைப்பையிலிருந்து நுனி வளைத்த கம்பி ஒன்றை எடுத்து, கோதுக்குள் விட்டு, உட்சுவரில் மெல்லக் கீழிருந்து மேலே இழுத்தார். ஓரிடத்தில் கை நின்றது. கம்பியை என்னிடம் தந்தார். நானும் இழுத்தேன். அடிக்குச் சற்று மேலே கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறியது. மனிதர் கராஜில் இருந்து வாள் எடுத்துவந்து கோதை நெடுக்காக இரண்டாக அறுத்தார். உட்பக்கம் சுற்றிவர ஒரு கோடு. அந்த இடத்தில் பித்தளை காகிதம் அளவுக்கு மெல்லிசாக இருந்தது.

அந்த மனிதர் கதிரையில் இருந்தார். கையை எடுத்து வலது கன்னத்தில், துவக்கை அணைத்துப் பிடிக்கும் இடத்தில், வைத்தார். 

பிழை தன்னுடையது என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு டையையும் தான்தான் மாற்றிவிட்டதாகவும், இருபது வருடமாக இந்த வேலை செய்வதாகவும், இப்படி நடந்ததில்லை என்றும், இனித் தன் கையை நம்பமுடியாது என்பதால் வேலையை விடப்போவதாகவும் சொன்னார். வேலையை விடும் கதையை நானும் அப்போதுதான் கேட்டேன். நான் பக்கத்தில் நின்றேன், அறுத்த கோதின் ஒரு பாதி என் கையில் இருந்தது. நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்த மனிதர் எழும்பி அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, நாலரை மணித்தியாலம் ஓடி வந்ததற்கு நன்றி என்றார். சரியான டையை அக்கா மேசையில் வைத்தார், பிழையானதை எடுத்துக்கொண்டார், நிரப்பி வைத்த ரவைகள் ஒன்றையும் வெடிக்கமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டார். வெளிக்கிட்டோம்.

ஒரு மணித்தியாலம் ஓடியிருப்போம். பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். இறங்காமல், ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். பூசை, சந்தனம், துண்டு, இடப்பக்கம். எல்லாம்.

அவர் முதலில் சிரித்தார். உண்மையாகவே ஒரு சிரிப்பு, பிள்ளைகள் சிரிப்பது போல. “அப்ப என்ரை கை சரி” என்றார். “நான் சரியாத்தான் கட்டினனான்.” கைகள் இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“நாலு நாள் அண்ணை. நாலு நாள் பக்கத்து மேசையிலை இருந்து என்னைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்.”

“பயத்திலை அக்கா…”

“மாறிக் கட்டினது பிழை. அது ஆருக்கும் வரும். நான் அளந்து பாருங்கோ எண்டு தந்தனான். அப்பவும் சொல்லேல்லை.” கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. “அந்தாள் என்ரை கையைப் பிடிச்சவர். அப்பவும் சொல்லேல்லை.”

எனக்கும் அழுகை வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

“வானைத் திருப்புங்கோ” என்றார்.

“எங்கை?”

“அவரிட்டை. நான் பிழை எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். அது பிழையான கதை. உங்கடை வாயாலை போய்ச் சொல்லுங்கோ.”

“திங்கக்கிழமை போன் எடுத்துச் சொல்லுறன் அக்கா. முதலாளியிட்டையும் சொல்லுறன்.”

“திருப்புங்கோ.”

திருப்பினேன். அந்த ஒரு மணித்தியாலம் அவர் தொலைபேசியைத் தொடவில்லை, கால் ஆட்டவில்லை, ஒன்றையும் இழுத்துப் பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவர் அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். அந்த வீட்டு வாசலில் நிறுத்தியதும் நான் மட்டும் இறங்கினேன். மணியை அடித்தேன். மனிதர் கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தார். டைகளை மாற்றியது நான் என்றும், அந்த அம்மா ஒரு பிழையும் விடவில்லை என்றும், அவருடைய கை போன்ற கை எங்கள் பட்டறையில் வேறு இல்லை என்றும், எனக்கு வந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் கோபிக்கவில்லை. என் தோளுக்கு மேலால் வானைப் பார்த்து, “அவவுக்கு இது தெரியுமோ?” என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

“எப்போதிருந்து?”

ஒரு மணித்தியாலமாக என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நான் திரும்பி வந்தபோது முன் சீற்றில் அக்கா இல்லை. பின் சீற்றுக்கு மாறி, பட்டியும் கட்டியிருந்தார். ரொறன்ரோ வரை அங்கேயேதான் இருந்தார்.